ஆப்பிரிக்கா போகும் வழியில் வீட்டுக்காரரோடு பேசினேன்

எழுபதுகளின் கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் ஆப்பிரிக்காவுக்குச் சிங்கம் பார்க்கப் போனோம். எங்கள் ஊர் கிருமாம்பாக்கத்தில் பிரான்சுக்குப் போன குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன், பிள்ளைகள் படிப்பு என்று அதற்குக் காரணமும் உண்டு. சும்மா சுற்றிப் பார்க்க, அதுவும் ஆப்பிரிக்காவுக்கு, எங்களுக்கு முன்னால் யாரும் போனதில்லை. என் தம்பி நைரோபியில் கணக்கு வாத்தியார். அவனுக்குச் சம்பளம் இருந்தது, கல்யாணம் ஆகவில்லை, சொந்தக்காரர் முகத்தைப் பார்த்து நாளாகியிருந்தது. டிக்கெட்டை அவனே எடுத்துவிட்டான்.

மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "சிங்கம்தான? பட்டணத்துல உயிர் காலேஜ்ல படுத்துனு கீது. பாத்துட்டு சாயங்காலம் வூட்டுக்கு வந்துடலாம்," என்றார். மிருகக்காட்சிசாலையைத்தான் சொன்னார், அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கையில் வந்த டிக்கெட்டை வீணாக்க அவருக்கே மனம் வரவில்லை.

எங்கள் வீட்டில் மாமியார், இரண்டு கொழுந்தனார்கள், அவர்கள் பெண்டாட்டிகள், எண்ணி முடியாத பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே அடுப்பு. கல்யாணமாகிப் பத்துப் பதினைந்து வருஷத்தில் நானும் அவரும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. அவர் கரும்புத் தோட்டத்தில், நான் அடுப்படியில். சோறு போடும்போது நான் நிற்பேன், அவர் இலையைப் பார்ப்பார். அப்புறம் இரண்டு பெண்கள் எப்படிப் பிறந்தார்கள் என்று கேட்பீர்கள். அதற்குப் பேச்சு தேவைப்படவில்லை.

பம்பாயில் பெரிய விமானத்தில் ஏற்றினார்கள். எனக்கு ஜன்னல் ஓரம், அவருக்கு நடு சீட். அந்தப் பக்கம் உட்கார்ந்த வெள்ளைக்காரர் பெல்ட்டைப் போட்டதுமே தூங்கிவிட்டார். எனக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் ஒரே ஒரு கைப்பிடி. அவர் கையை வைத்தால் நான் எடுத்தேன், நான் வைத்தால் அவர் எடுத்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு கூச்சப்படவில்லை.

"கரும்பு எப்ப வெட்டறது?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"தையில."

"ம்."

வெளியே எட்டிப் பார்த்தார். "மேகம்," என்றார்.

"ம்," என்றேன்.

இப்படியே போனால் ஆப்பிரிக்கா வருவதற்குள் ஒருவருக்காவது பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது.

சாப்பாடு வந்தது. தட்டில் பன், வெண்ணெய், சோப்புத் துண்டு மாதிரி ஏதோ ஒன்று. அவர் முன் சீட்டின் முதுகில் செருகியிருந்த காகிதப் பையை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். உள்ளே மெழுகு தடவி, நல்ல கெட்டியாக இருந்தது. "மிச்சத்த கட்டினு போவ பை வெச்சிகிறான் பாரு," என்று சந்தோஷப்பட்டார். தன் பன்னை ஒரு பையிலும், என் பன்னை என் முன்னால் இருந்த பையிலும் போட்டு, வாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் விமானம் குலுங்க ஆரம்பித்தது. முன் வரிசையில் ஒரு அம்மாள் அதே மாதிரிப் பையை விரித்து முகத்தை அதற்குள் விட்டார். அது எதற்கான பை என்று எனக்குப் புரிந்தபோது என் வயிறும் மேலே வந்துவிட்டது.

"பைய குடுங்க."

"பசிக்குதா?"

"பைய குடுங்கன்றேன்."

அவர் சுருட்டியதைப் பிரித்து, பன்னை எடுத்து, அதை எங்கே வைப்பது என்று தேடினார். நான் வாயைப் பொத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பன்னை வெள்ளைக்காரர் மடியில் வைத்துவிட்டு, பையை விரிக்க நேரமில்லாமல், பயணத்துக்கென்று வாங்கிய தோள் துண்டை இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்தார். அதில்தான் வாந்தி எடுத்தேன்.

முகம் சுளிக்காமல் அதைச் சுருட்டி ஓரமாக வைத்தார். தண்ணீர் கேட்டு வாங்கி என் வாயைத் துடைத்தார். அத்தனை பேர் நடுவில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாக, "எங்கம்மா இருந்தா இன்னா சொல்லும் தெரியுமா?" என்றார். கண்ணை இடுக்கி, மோவாயைத் தூக்கினார். "ஏண்டி, வூட்ல நல்லாத்தான இருந்த? மேல ஏத்தினாத்தான் ஒனக்கு வருமா?"

அச்சு அசலாக மாமியார் குரல். அவரும் ஏறி வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, நிற்கவே இல்லை. வெள்ளைக்காரர் விழித்து மடியில் இருந்த பன்னைப் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டுத் தின்றார்.

அதன் பிறகு அவர் கொழுந்தனார் மாதிரி செய்து காட்டினார், சர்க்கரை ஆலை ஆபீசர் மாதிரி செய்து காட்டினார். இத்தனை வருஷம் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாரோ. "என்னை மாதிரி செய்யுங்க," என்றேன். தயங்கினார். கரண்டி பிடிப்பது போலக் கையை வைத்து, தலையைக் குனிந்து, "ம்," என்றார். அவ்வளவுதான்.

சிரித்தேன், ஆனால் சுருக்கென்றது. "நான் அவ்ளோதானா?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். மீதிய நீதான் சொல்லணும்."

சொன்னேன். நான் பிறந்த அபிஷேகப்பாக்கத்தில் பையன்களோடு கிணற்றில் குதித்து நீந்தியதைச் சொன்னேன். அவர் கூடை கூடையாகக் கொண்டுவரும் கத்திரிக்காய் எனக்கு ஆகவே ஆகாது என்பதைச் சொன்னேன். அவர் தம்பியைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. இறங்கும்போது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

தம்பி எங்களை வேனில் காட்டுக்குக் கூட்டிப்போனான். சிங்கம் தூரத்தில் புல்லுக்குள் கிடந்தது, வால் மட்டும் ஆடியது. நினைவில் நிற்பது யானைதான். கூட்டத்துக்கே தலைவியான ஒரு கிழட்டு யானை பாதையை மறித்து நின்று, குட்டிகளையெல்லாம் கடக்கவிட்டு, மாமியார் மாதிரியே கண்ணை இடுக்கி எங்களை மேலும் கீழும் பார்த்தது. நான் அவரைப் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தொலைந்தோம். எனக்குத் தோள் குலுங்கியது, அவருக்கு மூக்கு வழியாகச் சத்தம் வந்தது. "சிரிக்காதக்கா, முட்டித் தள்ளிடும்," என்று தம்பி நடுங்கினான். அது யோசித்துப் பார்த்து, எங்களை ஒரு பொருட்டாக மதிக்காமல் போய்விட்டது.

ஊர் திரும்பி ஒரு வருஷத்துக்குள் தெருக்கோடியில் ஒரு ஓட்டு வீடு கட்டித் தனியாகப் போனோம். பெரிய சண்டை எதுவும் இல்லை. அவர்தான் ஒரு நாள், "எங்களுக்குப் பேச எடம் இல்லம்மா," என்றார். மாமியாருக்கு அது ஒரு காரணமாகவே தெரியவில்லை. ஏரோப்ளேனில் கொடுத்த எதையோ தின்று பிள்ளைக்குப் புத்தி மாறிவிட்டது என்று பாகூர் வரைக்கும் போய்ச் சொன்னார். கோபத்தில் இரண்டு வாரம் எங்கள் பக்கமே வரவில்லை. மூன்றாவது வாரம் மீன் குழம்பு வைத்தேன். வாசனை பிடித்து வந்து, தின்ன இடமா இது என்று கேட்டபடியே உட்கார்ந்து, இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.