பட்டனைக் காணோம்

என் வலைத்தளத்தின் மேல்மூலையில் ஒரு சிவப்பு வட்டம் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தது. மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, புதுப்பித்துக்கொள் என்று அர்த்தம். நான் எழுத உட்காரும்போதெல்லாம் அது முறைக்கும், நானும் திருப்பி முறைத்துவிட்டு எழுத ஆரம்பிப்பேன். தொடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. உத்தரவு போட்டவர் என் கொழுந்தன்.

கொச்சி காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தபோது அந்தத் தளத்தை அமைத்துக் கொடுத்தவர் அவர்தான். மட்டாஞ்சேரியில் எங்களைப் போன்ற ராவுத்தர் வீடுகளில் ஒரு வினோதம் உண்டு. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை தமிழில்தான் சண்டை போடுவோம், ஆனால் பிள்ளைகள் படிப்பது மலையாளப் பள்ளிக்கூடம். நான் பொள்ளாச்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், எனக்குத் தமிழ் எழுத்து உண்டு. என் மகளுக்குக் கிடையாது. அவள் கல்யாணமாகி ஷார்ஜா போனபிறகுதான் நான் வீட்டுக் கதைகளை எழுதவே தொடங்கினேன். அவள் வாசிக்க வேண்டுமே என்று ஒரு பட்டன் கேட்டேன். அதை அழுத்தினால் என் தமிழ் அப்படியே மலையாள எழுத்தில் வரும். வாய்விட்டு வாசித்தால் நான் பேசுகிற மாதிரியே இருக்கும்.

கொழுந்தன் செய்து கொடுத்தார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கொண்டுபோய் மென்பொருளின் சொந்தக் கோப்புக்குள்ளேயே செருகிவிட்டார். வாடகை வீட்டுச் சுவரில் நம் ஆணியை அடித்த மாதிரி. சொந்தக்காரர் சுவரைப் புதிதாகப் பூசினால் ஆணி போச்சு. "மதினி, அப்டேட்னு என்ன வந்தாலும் தொட்டுடாதீங்க, பட்டன் போயிரும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறி வேறு தேசத்தில் குடியேறிவிட்டார்.

இந்த மழைக்காலத்தில், தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் கம்பெனியிலிருந்து அறிவிப்பு வந்தது. இவ்வளவு பழைய பதிப்பு இனி எங்களிடம் ஓடாது, மாத முடிவுக்குள் புதுப்பிக்காவிட்டால் தளம் நிற்கும். புதுப்பித்தால் பட்டன் போகும், மகள் வாசிக்க முடியாது. புதுப்பிக்காவிட்டால் எழுதியதெல்லாம் போகும். கொழுந்தனைக் கூப்பிட்டேன்.

"அதெல்லாம் பழைய கேஸு மதினி. இப்ப யாரு பிளாக் வாசிக்கிறா? பேசாம ரீல்ஸ் போடுங்க."

ரீல்ஸாம்! இந்த வயதில் இடுப்பில் கை வைத்து ஆடச் சொல்கிறாரோ என்னவோ. வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடிக்காத குறைதான்.

என் கணவரிடம் சொன்னால் அவர் அதற்கு மேல். பஜார் ரோட்டில் மிளகும் வத்தல் மிளகாயும் மொத்தமாக விற்கிறவர். சோற்றைப் பிசைந்துகொண்டே, "போனா போகட்டும் புள்ள. உன் மகளை விட்டா அதை வேற யாரு நோக்குறா?" என்றார். அவர் அந்தத் தளத்தைத் திறந்தே பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் அவரைப் பற்றி இஷ்டத்துக்கு எழுதிவந்தேன். குறட்டை, கஞ்சத்தனம், மீன்குழம்பைப் பார்த்து முகம் சுளிப்பது என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

சரி, ஒரு கை பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். இவர் கடையில் சரக்கு வல்லார்பாடம் துறைமுகத்துக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு பிடி அள்ளி, சாம்பிள் பொட்டலம் கட்டி வைப்பார்கள். வாங்கியவர் சரியென்று சொல்லும்வரை பொட்டலம் அசையாது. எனக்கு ஒரு பிடி போதாது என்று தளம் முழுவதையும் நகலெடுத்து, மடிக்கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று கட்டி வைத்தேன். இரண்டு நாள் பட்டன் இருக்காது என்று மகளுக்கும் சொல்லிவைத்தேன். "பதுக்கெ மதிம்மா, அவசரமில்ல" என்றாள்.

வெள்ளிக்கிழமை, இவர் ஜும்மாவுக்குப் போன நேரம், பிஸ்மி சொல்லி அழுத்தினேன். நீலக்கோடு ஊர்ந்தது. நின்றது. என் மூச்சும் கூடவே நின்றது. மறுபடி ஊர்ந்து, தளம் திறந்தேவிட்டது! எழுதியது ஒன்றுவிடாமல் இருந்தது. பட்டன் மட்டும் இல்லை, அது தெரிந்த கதைதான். சாப்பிட்டுவிட்டு அதைக் கவனிக்கலாம் என்று எழுந்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவுகையில் கடையிலிருந்து போன்.

"உன் சைட்டுக்கு எந்தோ ஆச்சு புள்ள. பட்டனைக் காணோம்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "நீங்க எதுக்குப் பட்டனைத் தேடுறீங்க?"

"நானா? சும்மா... ஒரு கஸ்டமர் கேட்டான்."

"மிளகு வாங்க வந்தவன் என் வீட்டுக் கதையைக் கேட்டானாக்கும்?"

"இங்க தெரக்கு, ஆள் நிக்குது. வைக்கிறேன்."

ஆள் வசமாக மாட்டிக்கொண்டார்! இவரும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தானே, பட்டன் இல்லாமல் என் தமிழை வாசிக்க முடியாது. இத்தனை வருடம் கல்லாவில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் வாசித்திருக்கிறார், கள்ள மனுஷன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் பகீரென்றது. குறட்டையையும் வாசித்திருப்பாரே.

இனி பட்டன் வராமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தேன். நகலிலிருந்து கொழுந்தனின் பழைய வரிகளைப் பிடுங்கி எடுத்தேன். இந்தமுறை அடுத்தவர் சுவரில் ஆணி இல்லை. எந்தப் புதுப்பித்தலும் எட்டிப் பார்க்காத இடத்தில் எனக்கென்று தனிக் கோப்பு. முதலில் தளம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருக்கிறேன். அடி மூதேவி என்று என்னையே திட்டிக்கொண்டு மூடினேன். பட்டன் வந்துவிட்டது. அழுத்தினேன், என் தமிழ் மலையாள எழுத்தில் வரிசையாக நின்றது. அல்ஹம்துலில்லாஹ்! நான் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். மகள் போனிலேயே குலவை போட்டாள். கொழுந்தனுக்குப் படம் அனுப்பினேன். "எப்படி மதினி?" என்று கேட்டு வந்தது. பார்த்துவிட்டுப் பதில் போடாமல் விட்டேன். கிடக்கட்டும்.

சாயங்காலம் இவர் பழம்பொரிப் பொட்டலத்தோடு வந்தார். வழக்கமாக வாங்கி வருகிறவர் இல்லை.

"குறட்டைய எழுதினதுல கோவமா?" என்றேன்.

"அதெல்லாம் உள்ளதுதானே. ஒரே ஒரு எடம்தான் தெத்து. மக ஷார்ஜா போன அன்னைக்கு நான் அழலே, கல்லு மனசுன்னு எழுதிட்டே."

"நீங்க அழலையே."

"அழுதேன். வத்தல் கிடங்குல போயி. அங்க யாரு கண்ணுலதான் தண்ணி வராது? ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா, நான் வாசிக்கிறது உனக்குத் தெரிஞ்சுபோகாதா?"

அப்போதே அந்தப் பழைய பதிவைத் திறந்து, அவர் அழுதார், வத்தல் கிடங்கில் அழுதார் என்று திருத்தினேன்.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போனபிறகு தளத்தில் மறுபடி ஒரு சிவப்பு வட்டம். இந்தமுறை மென்பொருள் இல்லை. அந்தப் பதிவின் கீழே பேர் போடாமல், மலையாள எழுத்தில், ஒரு கருத்து வந்திருந்தது: "இப்போ ஷரியாயி." தளத்தின் உரிமையாளரது அனுமதிக்காகக் காத்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்தது. உரிமையாளர் நான்தான். சாயாவை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு அனுமதி கொடுத்தேன்.