இலைமேல் கை

கள்ளக்குறிச்சியில் கண்ணில் ஊசி போட்டுக்கொள்ளக் காத்திருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர். வாளி தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கியிருந்தது. அங்கேயும் சும்மா இருக்கவில்லை. யாருடைய பாட்டில் காலியானாலும் எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்து வந்தார். பார்வை மங்கியிருந்ததால் பாதி தரையில் சிந்தியது.

இருவருக்கும் சர்க்கரையால் வந்த அதே கோளாறு. டாக்டரம்மா எங்களுக்கு விளக்கினார்: "விழித்திரையில ஒரு இடத்துக்கு ஆக்சிஜன் பத்தலை. காப்பாத்த ஓடிவர்ற நோய் எதிர்ப்பு செல்களே, புது ரத்தக்குழாய் வேணும்னு சிக்னல் குடுக்குது. தேவைக்கு மேல முளைச்ச குழாய் கசிஞ்சு பார்வையைக் கெடுக்குது."

"நம்ம பந்திப் பசங்க மாதிரிதாங்க!" என்றார் அவர். "எலையில சோறு கம்மின்னு ஒருத்தன் கொரல் குடுத்தா, நாலு பேரு ஓடியாந்து கொட்டிக்கினே இருப்பானுங்க. எலையே நாசமாப் பூடும். ஊசி இன்னாங்க பண்ணும்?"

"அந்தக் குரலை அடக்கும்" என்றார் டாக்டரம்மா.

அவர் மடிமேல் உள்ளங்கையைக் கவிழ்த்தார். "போதும்னு எலைமேல கை வைக்கிறது!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பயந்துகொண்டிருந்த நானும் வயிற்றின்மேல் கையைக் கவிழ்த்தபடியே ஊசி போட்டுக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து சங்கராபுரத்தில் ஒரு கல்யாணம். பாயச வாளியோடு அவர் வந்துகொண்டிருந்தார். சர்க்கரை நினைவுக்கு வர, இலைமேல் கை வைத்தேன்.

ஆறேழு இலை தள்ளிப் பரிமாறிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே அதைப் பார்த்துவிட்டார். வாளியை உயர்த்திக் கத்தினார்: "இன்னா சார், ஊசி போட்டுக்கினீங்களா!"

ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.