பாலக்கோட்டில் பொட்டு ஒட்டி எடுத்த முடிவு

ஜன்னலைத் திறந்தால் தக்காளி வாசம். மூடினால் ஸ்கெட்ச் பேனா வாசம். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன மண்டபத்தை நினைத்தால் இந்த இரண்டும்தான் முதலில் வரும்.

அப்போது எனக்கு முதல் வேலை. தருமபுரி மாவட்டத்தின் ஏழு சிறிய தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. அடுத்த மூன்று வருடம் ஏழு பேரும் சேர்ந்து எந்த ஒரு வேலையைக் கையில் எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அந்தத் திட்டமிடல் கூட்டத்தை நடத்தித் தருவது என் பொறுப்பு. நான் தனியாக நடத்திய முதல் கூட்டம் அதுதான்.

காலை டீயின்போது குப்பம்மா அக்கா பக்கத்தில் வந்து நின்றார். வத்தல்மலையில் பெண்கள் குழு நடத்துபவர். ஏழில் மிகச் சிறியது அவருடையதுதான்.

"இன்னைக்கும் மலைக்குக் கீழ இருக்கறவங்க பேச்சுதான் நடக்கும்னா, நாங்க இதோட ஒதுங்கிக்கறோம் கண்ணு. மனசுல வெச்சுக்காத."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தேன்.

மதியத்துக்குள் சார்ட்டில் ஐந்து வேலைகள் ஏறிவிட்டன. முதலில் குடிநீர். கடைசியில், மலையில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடும் பெண் பிள்ளைகள். அது அக்கா சொன்னது.

ஓட்டாக, அவரவர் விரும்பும் வேலைக்கு நேரே ஒட்ட வட்ட ஸ்டிக்கர் தேவை. கொண்டுவர மறந்துவிட்டேன்! கடைத்தெருவுக்கு ஓடி ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்து, வந்திருந்த முப்பது பேருக்கும் ஆளுக்கு மூன்று கொடுத்தேன். தருமபுரியிலிருந்து வந்திருந்த பாய் ஒருவர் அதை விரல் நுனியில் ஒட்டிப் பார்த்து, "இதோட வூட்டுக்குப் போனா எனக்குச் சோறு கெடைக்காதுங்க" என்றதும் மண்டபமே சிரித்தது.

அந்தச் சிரிப்பின் தெம்பில்தான் தப்பு செய்தேன். மரியாதைக்காக மாதையன் சாரை முதலில் கூப்பிட்டேன்.

அவர் கூட்டமைப்பின் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அவர் மூன்று பொட்டையும் குடிநீருக்கு ஒட்டினார். அடுத்தவர் போய் அதற்குப் பக்கத்திலேயே ஒட்டினார். அதற்கடுத்தவரும் அப்படியே... சார் ஓரிடத்தில் வைத்த பிறகு, அவர் கண்ணெதிரே வேறிடத்தில் யார் வைப்பார்கள்?

மலைக்கு விழுந்தவை மூன்றே மூன்று. அக்கா தானே ஒட்டியவை.

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "இந்த ஓட்டு செல்லாதுங்க. நான் நடத்துன விதம் தப்பு" என்று சொல்லிவிட்டேன். புது சார்ட் எழுதி, அதை மாட்டிய ஸ்டாண்டைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். மறுபடி ஆளுக்கு மூன்று பொட்டு கொடுத்து, ஒவ்வொருவராகப் பின்னால் போய் ஒட்ட வேண்டும், யாரும் யாரையும் பார்க்கக் கூடாது என்றேன். "சார் வெச்சதையே மாத்தறதா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எல்லோருடைய கண்ணும் சார் பக்கம் போனது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொண்ணு சொல்றது சரிதான். காலம்பூரா பார்த்து எழுதாதீங்கன்னு கத்துனேன். இன்னைக்கு மொத்த க்ளாஸும் என்னைப் பார்த்து எழுதியிருக்குது. நான் கடைசியாப் போறேன், நீங்க போங்க."

ஒவ்வொருவராகப் போனார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சார்ட்டுக்குக் கீழே மாறிக்கொண்டிருந்த கால்கள் மட்டும்தான். அப்பா, அந்த இருபது நிமிடம்!

ஸ்டாண்டைத் திருப்பியதும் நாற்காலிகள் கிறீச்சிட, எல்லோரும் முட்டி மோதிக்கொண்டு முன்னால் வந்தார்கள். மலைப் பிள்ளைகளின் வரியில் இடமே இல்லை. பொட்டுகள் கோட்டைத் தாண்டி ஓரம் வரைக்கும் போயிருந்தன.

மாதையன் சார் உரக்கச் சிரித்தார். "நான் இப்பவும் தண்ணிக்குத்தான் வெச்சேன், தோத்துட்டேன். ஏம்மா குப்பம்மா, நாங்க எப்ப மலைக்கு வரணும், அதைச் சொல்லு."

அக்கா பையைக் கீழே இறக்கி வைத்தார். "திங்கக்கெழம வாங்க சார். பள்ளிக்கூடம் இருக்கற நாளா வாங்க" என்றார்.

அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் திரும்பினேன். கால் வலித்ததாக நினைவே இல்லை.

அந்தக் கூட்டமைப்பில் இன்றைக்கும் ஏழு அமைப்புகளும் இருக்கின்றன. நான் இப்போது எங்கெங்கோ கூட்டம் நடத்துகிறேன். எல்லோரும் போனில் ஓட்டுப் போடுகிறார்கள். யார் எதற்குப் போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது, அன்று நான் செய்த தப்புக்கு இடமே கிடையாது. நல்லதுதான். நொடியில் திரையில் முடிவு வந்துவிடுகிறது...

அதைப் பார்க்க யாரும் நாற்காலியை விட்டு எழுவதில்லை.