கிளாரினெட் மாப்பிள்ளையை விசாரிக்கப் போனது

எங்கள் அப்பா யாரையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டார். பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர். அவரிடம் போய் எங்கள் சபைப் பாஸ்டர், "மாப்ள யுனிவர்சிட்டில கிளாரினெட் புரொபசர்" என்று சொன்னால் என்ன ஆகும்?

"ஊதறதுக்கு ஒரு படிப்பு, அத்தச் சொல்லிக்குடுக்க ஒரு புரொபசரா? கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பைல நெய் வடியுதும்பானுங்க" என்றார் அப்பா.

பெண், என் சித்தி. அம்மாவின் தங்கை. தாத்தா இறந்த பிறகு எங்களோடு இருந்துகொண்டு, கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தாள். ஏற்கெனவே வந்த சம்பந்தங்கள் அப்பாவின் விசாரணையிலேயே அடிபட்டுப் போயிருந்தன. இதுவும் போனால் இனி யாரையும் கூட்டிவர வேண்டாம் என்று சித்தி அம்மாவிடம் சொல்லி அழுததை நான் கேட்டேன். பாஸ்டர் அனுப்பிய வீடியோவைப் பார்த்தே அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. ஆனால் அப்பா தலையாட்டினால்தான் எங்கள் வீட்டில் எதுவும் நடக்கும்.

அம்மா போனில் அந்த வீடியோவை அப்பாவுக்குக் காட்டினாள். கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் நடுவில் அவர் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். அப்பா அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வாய வெச்சிக்கினு யார் வேணா நிக்கலாம். சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு இன்னா கண்டோம்?" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பெண் பார்க்க வந்த அன்று அவர் பஜ்ஜியைத் தொடவில்லை. சாயங்காலம் கச்சேரி இருக்கிறது, வாயில் எண்ணெய் இருந்தால் கிளாரினெட்டில் உதடு படும் நாணல் பட்டை கெட்டுவிடும் என்றார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுப் பஜ்ஜியைத் தொடாதவன் ஒன்று வியாதிக்காரன், அல்லது வேண்டாம் என்று சொல்லப்போகிறவன். அப்பா தட்டையும் பார்த்தார், அவர் முகத்தையும் பார்த்தார். மாப்பிள்ளை ஊத்துக்கோட்டைப் பக்கம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதும் பேண்டு செட்டில் தொடங்கினாராம். பிறகு இசைக் கல்லூரி, அப்புறம் வெளிநாட்டில் மேல்படிப்பு, அங்கேயே ஒரு குழுவில் வாசிப்பு, இப்போது சென்னையில் பேராசிரியர். சித்தி கதவோரம் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டாள். அப்பா கேட்டாரா என்பது சந்தேகம். அவர் கண் மாப்பிள்ளையின் வலது கட்டைவிரலிலேயே இருந்தது.

அவர்கள் போனதும் அப்பா வெடித்தார். "கட்ட வெரல்ல காய்ப்பு காச்சிருக்குது, பாத்தியா? வாத்தியாருக்கு ஏது காய்ப்பு? பிரஸ்ஸுல நிக்கிறவனுக்கு உள்ளங்கைல இருக்கும். கிரைண்டிங்கா இருந்தா வெரல் நுனில. இவனுக்கு மட்டும் வெரல் முட்டிக்குப் பக்கத்துல கீது. எந்த மிசின்ல வேல செய்றான்னு மறைக்கிறான்."

அந்த வாத்தியத்தின் முழுக் கனத்தையும் அந்த ஒரு விரல்தான் தாங்குகிறது என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த வாரம் ஷிப்ட் இல்லாத ஒரு நாளில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கு மின்சார ரயில் ஏறினார். குழந்தையோடு போனால் யாருக்கும் சந்தேகம் வராது என்பது அவர் கணக்கு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பொன்னேரி தாண்டுவதற்குள் எதிர் இருக்கைக்காரரையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன்.

பல்கலைக்கழக வாசலில் காவலாளி, "கிளாரினெட் சாரா? மாடில இருக்காரு" என்றார். அப்பா என் காதில், "செக்யூரிட்டிய நம்பாத பாப்பா. எங்க கம்பெனிலயே டீ வாங்கிக் குடுத்தா ஆபீஸ் பையனக்கூட எம்.டி.ன்னு சொல்வான்" என்றார்.

மாடியில் ஒரு கதவின் கண்ணாடி வழியே பார்த்தோம். அவரேதான். தனியாக, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஊதினார். ஒரே சத்தம். அது முடிந்ததும் மறுபடி அதே சத்தம். பாட்டு வரும் வரும் என்று காத்திருந்தோம். எனக்குக் கால் வலித்தது. கடைசிவரை பாட்டு வரவே இல்லை.

அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. "மொத எழுத்தே இன்னும் வரல. இவன் வாத்தியார் இல்ல, இப்பத்தான் கத்துக்க வந்தவன்" என்றார். வழியில் எனக்கு ஐஸ்கிரீம்கூட வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பைச் சொன்னார். சித்தி எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது; ஏமாறாமல் தப்பித்தாளே என்று சந்தோஷமாகவும் இருந்தது. பின்னாலேயே ஓடினேன்.

கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள். "சத்தம் ஆடுச்சா?"

"இல்ல சித்தி. ஸ்கேல் வெச்சிக் கோடு போட்ட மாறி போய்க்கினே இருந்துச்சி."

"நிறுத்தறப்ப?"

"சன்னமா ஆயி, இன்னும் சன்னமா ஆயி, எப்ப நின்னுச்சின்னே தெர்ல. எல்லா தபாவும் அப்டியேதான். வேற ஒண்ணுமே தெரியாது போல அவருக்கு."

சித்தி சபைப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவள். துணிகளை மார்போடு அணைத்தபடி மூச்சை இழுத்து, ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள். கொஞ்ச நேரத்திலேயே குரல் நடுங்கி உடைந்துவிட்டது. சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு துணியை என் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கினாள்.

"மாமா, கட்டுனா அவரத்தான் கட்டுவேன்" என்று அவள் சொன்னது மாடிவரை கேட்டது. அப்பாவை எதிர்த்து அந்த வீட்டில் அதற்குமுன் யாரும் பேசியதில்லை.

எனக்கு ஒரே ஆத்திரம். பார்த்ததைப் பார்த்தபடி, ஒன்றுவிடாமல், அப்பா பக்கம்தானே சாட்சி சொன்னேன்! இவ்வளவு கேட்ட பிறகும் சித்தி எப்படி ஏமாந்தாள் என்று துணி மூட்டையோடு வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.