கவரில் போன புழு

1. தை மாதம், கமுதிக்குப் பக்கத்தில் எங்கள் மிளகாய்ப் புஞ்சையில், இலைச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி விழுந்தது.
2. அய்யா ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கவரில் போட்டு, வழக்கம்போல மருந்துக் கடைக்குக் கொண்டுபோனார்.
3. கடைக்காரர் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இலை முழுக்க இருந்த அசுவினியை விட்டுவிட்டு, நடுவில் நெளிந்த ஒற்றைப் புழுவைப் பார்த்தார்.
4. புழு மருந்து கொடுத்தார்.
5. நான் வேளாண் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது மேற்குப் பாதிக்கு அடித்து முடித்திருந்தார்கள்.

மருந்து படாத கிழக்குப் பாதியில் அதே புழுவைப் பார்த்தேன். அது சிர்பிட் ஈயின் புழு. ஊடுபயிரான கொத்தமல்லிப் பூவின்மேல், பறந்தபடியே அந்தரத்தில் நிற்குமே, அந்த ஈ. அசுவினிக் கூட்டத்தின் நடுவிலேயே அரிசிக் குருணை போல முட்டையிடும். வெளிவரும் புழுவுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. முன்பக்கம் கூராக இருக்கும்; வாலில் ஒட்டினாற்போல இரண்டு மூச்சுக்குழல்கள். தோல் வழியே குடல் தெரியும். தின்பது அசுவினியை. காவலுக்கு வந்ததைக் கொல்ல நாங்களே மருந்து வாங்கியிருக்கிறோம்.

புழு இருந்த கொழுந்து ஒன்றைக் கிள்ளிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

"அண்ணே, காய்ப்புழுவுக்குக் கால் இருக்கும். இதுக்கு இல்ல. பாத்தீங்களா?"

"நான் என்ன அதுக்குச் செருப்பா தைக்கப் போறேன், தங்கச்சி? புழுன்னா புழுதான்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. விற்பதற்கு முன் கவரைப் பிரித்துப் பார்க்கக்கூட அவருக்கு மனமில்லை.

திரும்பி வந்தால், கிழக்குப் பாதிக்கு அடிக்க அய்யா தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யா, அடிக்காதீங்க. இங்கன வந்து பாருங்க."

என் கை லென்ஸை அவரிடம் கொடுத்து, புழு இருந்த கொழுந்தைக் காட்டினேன். புழு தலையை இப்படியும் அப்படியும் துழாவியது. அசுவினி ஒன்று முட்டியதும் கவ்வி, இலையிலிருந்து தூக்கிப் பிடித்தபடியே உறிஞ்சியது. வெறும் தோல் விழுந்தது.

"ஏலே, கண்ணில்லாமலே என்ன போடு போடுற!" என்றார் புழுவைப் பார்த்து. பிறகு என்னிடம், "ஒரு வாரம் பொறுக்கேன். அதுக்குள்ள ஒன் ஆளுக திங்கலைன்னா அடிச்சிருவேன்."

அந்த வாரம் முடிந்துவிட்டது. கிழக்கில் கொழுந்து தெளிந்திருக்கிறது. இலையடியில் நீர்த்துளி வடிவில் கூட்டுப்புழுக்கள் ஒட்டியிருக்கின்றன. அங்கே மருந்து அடிக்கவில்லை. மேற்கில் அசுவினி திரும்பிவிட்டது, இலைகள் சுருண்டுவிட்டன, தின்ன ஒரு புழுவும் இல்லை. கடைக்காரர் இன்றும் கவரைத் தூக்கிப் பார்த்துத்தான் மருந்து கொடுக்கிறார்.