குடை விரியும் தூரம்

டயர் கருகும் நாற்றமும் எரிபொருளின் காரமும் சேர்ந்து கண்ணைக் கரிக்கத் தொடங்கினால், அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்களையும் இறுக மூடிவிடுவாள். புஜைராவின் எண்ணெய்க் கிடங்கில் அப்பாவுக்கு "டூட்டி" விழுந்த விடுமுறை நாட்களில், அம்மாவின் தம்பியான மாமா எங்கள் இருவரையும் பாலைவனத்து டிராக் பந்தயத்துக்கு அழைத்துப் போவார். ஷார்ஜாவில் மெக்கானிக்காக இருந்த அவர், தன் "கஃபீல்", அதாவது விசா கொடுத்த அரபு முதலாளி, ஆசையாக வாங்கிய நீள மூக்கு வண்டியை அங்கே ஓட்டினார். இரண்டிரண்டு வண்டிகளாகக் கால் மைல், அதாவது ஆயிரத்து முந்நூற்று இருபது அடி, நேராகப் பறக்க வேண்டும். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பின்னால் பாராசூட் விரிந்து வேகத்தை இழுத்துப் பிடிக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "கொட". பார்க்கவும் தைரியமில்லாமல், வராமல் வீட்டில் இருக்கவும் தைரியமில்லாமல் தவித்த அம்மாவுக்கு நடப்பதைச் சொல்வது என் வேலை. அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஏட்டி, கொட விரிஞ்சிட்டா?" நான் "விரிஞ்சிட்டும்மா" என்ற பிறகுதான் கண் திறப்பாள்.

அந்தக் குளிர்கால மாலையில் சனியன் பிடித்த காற்று ஓயவே இல்லை. கோட்டுக்கு அப்பால், வண்டிகள் நிற்க வேண்டிய இடமெல்லாம் மணல் ஏறிக் கிடந்தது. அமெரிக்காவில் ஓர் ஓட்டுநர் இறந்த பிறகு அதிவேக வண்டிகளுக்குத் தூரத்தை ஆயிரம் அடியாகக் குறைத்திருந்த காலம் அது; இன்று நாமும் அப்படியே ஓடுவோம், நிற்பதற்குக் கூடுதல் இடம் கிடைக்கும் என்றார்கள் நடத்துபவர்கள். இப்படிப்பட்டவற்றை ஓட்டுபவர்களே கைதூக்கி முடிவு செய்வது அங்கே வழக்கம். ஆயிரம் அடிக்கு ஒரு கைகூட எழவில்லை. "குட்டைப் பந்தயமெல்லாம் நமக்கு மாஃபி" என்று, இல்லை என்பதை அரபியில் சொல்லிச் சிரித்தபடி மாமா ஹெல்மெட்டை மாட்டினார்.

பச்சை விளக்கு எரிந்ததும் தரையின் அதிர்வு நெஞ்சுவரை ஏறியது. ஆயிரம் அடியில் நடத்துபவர்கள் முன்பே நட்டிருந்த சிவப்புக் கொடியை மாமாவின் வண்டி முதலில் தாண்ட, "மாமாதாம்மா முன்னால!" என்று கத்தினேன். கோட்டையும் தாண்டினார்.

"கொட விரிஞ்சிட்டா?"

விரியவில்லை. "ஏட்டி, சொல்லு!" என்று நகம் பதிய என் கையைப் பற்றியவள் தானே கண் திறந்தபோது, வண்டி மணலில் சறுக்கிப் புழுதிக்குள் மறைந்துகொண்டிருந்தது. செருப்பை உதறி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அத்தனை ஆண்களுக்கு நடுவே அம்மா ஓடினாள்.

மாமாவை வண்டியிலிருந்து இறக்கி உட்கார வைத்திருந்தார்கள். தோள் எலும்பு முறிந்து கை தொங்கியது. எங்களைக் கண்டதும், "யக்கா, செயிச்சிட்டம்லா?" என்றார். அம்மாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின.

"ஆயிரம் அடியிலயே நீதாம்ல முன்னால! இவ கத்துனாள்லா! மிச்சத்துக்கு எதுக்குல போன?"

அதன் பிறகு மாமா பந்தய வண்டியில் ஏறவே இல்லை.

இன்று அந்தப் பந்தயத் தடம் இருந்த இடத்தில் சரக்குக் கிடங்குகள் நிற்கின்றன. ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் கால் மைலுக்கான சண்டை ஓயவில்லை. பின்தங்கிய வண்டி எட்டிப் பிடிப்பதும், முந்திய வண்டி என்ஜின் வெடித்துத் தோற்பதும் அந்தக் கடைசி முந்நூற்று இருபது அடியில்தானே என்று அவர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. பொய் சொல்வானேன், எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனாலும் ஆயிரம் அடியே போதும் என்று எழுதி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் ஒரே ஆள் நான்தான். நான் டிவியில் பந்தயம் பார்க்கும்போது சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள். யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை அவள் கேட்டதில்லை. "ஏட்டி, கொட விரிஞ்சிட்டா?" என்பாள்; நான் பதில் சொல்லும்வரை பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றிருக்கும்.