வலது பக்கத்துக் கிழிசல்

ஆமத்தூரிலிருந்து சிவகாசிக்கு ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. ஓட்டுநர் வண்டியை ஒடித்தார், வண்டி சாய்ந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வலது விலாவில் கம்பி இடித்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்கள். நானும் எழுந்தேன். ஒரு சொட்டு ரத்தமில்லை. ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்வதற்குக் காற்று வரவில்லை.

அப்போது எனக்கு ஐம்பத்தோரு வயது. காலண்டரும் பள்ளிக்கூட நோட்ஸும் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபின் வீட்டில் நான் மட்டும்தான். தம்பி குடும்பத்தோடு சென்னையில் இருக்கிறான்.

விருதுநகரில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "கூட யாரு வந்திருக்கா?" என்பது. நான் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து ஒரு குரல், "நாந்தான்" என்றது. என் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெண். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அன்றைக்குக் கம்பெனி வேனைத் தவறவிட்டு அதே ஆட்டோவில் ஏறியிருந்தாள். எங்களுக்குள் அதுவரை பேச்சு என்று பெரிதாக எதுவும் கிடையாது. சாயங்காலம்வரை என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது. நுரையீரலைச் சுற்றிக் கட்டியிருந்த ரத்தம் வடிய விலாவுக்கிடையில் குழாய் போட்டார்கள். மறுநாள் அறுவை சிகிச்சை டாக்டர் ஸ்கேன் படத்தோடு வந்தார். என் மகன் வயது இருக்கும், எனக்கு மகன் இருந்திருந்தால்.

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசை இருக்கும்மா. டயஃப்ரம்னு சொல்வோம். அதுல சின்னதா ஒரு கிழிசல் இருக்கு."

உதரவிதானம். நோட்ஸ் புத்தகங்களில் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை எழுத்துப் பிழை பார்த்திருக்கிறேன். எனக்குள்ளும் ஒன்று இருக்கிறது என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

"ஆபரேஷனா?" என்றேன்.

"இடது பக்கமா இருந்தா இந்நேரம் திறந்திருப்போம். அங்க வயிறு, குடல் எல்லாம் ஓட்டை வழியா நெஞ்சுக்குள்ள ஏறிடும். உங்களுக்கு வலது பக்கம், சின்னக் கிழிசல். கீழ கல்லீரல் அடைச்சாப்புல நிக்குது. தைக்காம விட்டுப் பார்க்கலாம்னு நினைக்கிறேன். எல்லாருக்கும் இப்படிச் சொல்ல மாட்டேன். வாந்தி, மூச்சுத் திணறல், வலி கூடுறது, இதுல எது வந்தாலும் உடனே வந்துரணும். மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுப்போம்."

கை உடைந்தால் கழுத்தில் தொட்டில் கட்டி அசையாமல் வைக்கலாம். இதை எப்படி அசையாமல் வைப்பது என்று கேட்டேன்.

"வைக்க முடியாதும்மா. மூச்சு விட்டுத்தானே ஆகணும். நல்லா இழுத்தே விடுங்க, இல்லைன்னா சளி கட்டிரும்."

அன்று தம்பி போனில் சத்தம் போட்டான். "கிழிஞ்சதைத் தைக்காம விடுவாங்களாக்கா? மதுரைக்குப் போயிரு, நான் பேசுறேன்." நீ வருகிறாயா என்று கேட்டேன். பார்க்கிறேன் என்றான். அன்று முழுவதும் யோசித்துவிட்டு, அந்த டாக்டர் பேச்சையே நம்புவது என்று முடிவு செய்தேன். அதைக் கலந்து பேச பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைத் தவிர வேறு ஆள் இல்லை. அவருக்கும் காது சரியாகக் கேட்காது.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். எங்கள் தெருவைப் பகலில் நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. காலை ஏழு மணிக்குள் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதற்குமேல் சாயங்காலம்வரை வரிசையாகப் பூட்டுகள்தான். சன்னல் பக்கம் கட்டிலை இழுத்துப் போட்டு மூன்று தலையணையில் சாய்ந்து கிடந்தேன். வலி விலாவில் மட்டும் இல்லை, வலது தோள்பட்டையிலும் இருந்தது. அடிபட்டது ஓரிடம், வலிப்பது ஓரிடம். அந்தத் தசையின் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தினமும் வேன் வருமுன் அந்தப் பெண் ஒரு தூக்குச்சட்டியில் கேப்பைக் கஞ்சி கொண்டுவந்து வைப்பாள்.

"எக்கா, ராத்திரி தூங்குனீகளா?"

"தூங்கினேன்."

"மூச்சு எப்படி இருக்கு?"

பதிலைக் கேட்க நேரம் இருக்காது. வேன் ஹாரன் அடிக்கும், ஓடிவிடுவாள். தீபாவளி சீசன் நெருங்கிய மாதங்கள் அவை. நான் அந்த நாளில் பேசும் பேச்சு பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

மூச்சை இழுத்துப் பழக ஆஸ்பத்திரியில் மூன்று பந்து வைத்த கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். அது எனக்குச் சீக்கிரமே அலுத்துப்போனது. அதோடுகூட, பழைய மெய்ப்புத் தாள்களை எடுத்துச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். அச்சகத்தில் ஒருவர் வாசிக்க ஒருவர் மூலத்தோடு ஒப்பிடுவது வழக்கம். இங்கே கேட்பவர் இல்லை. முதல் வாரம் 'வளர்பிறை' என்று சொல்வதற்குள் மூச்சு முட்டியது. நாலாம் வாரம் ஒரு முழு வரி வந்தது. எதிர் வீட்டுப் பூட்டைப் பார்த்து ராகுகாலமும் எமகண்டமும் வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வாரம் ஒரு மதியம் வாந்தி வந்தது. நெஞ்சு இறுகியது. கல்லீரல் மேலே ஏறிவிட்டது என்றே நினைத்தேன். வாசலுக்கு வந்து நின்றேன். யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிட ஒரு பெயர்கூட அந்த வெயிலில் இல்லை. 108-க்கு நானே போன் செய்தேன். வண்டியில் வந்தவர் கேட்டார்.

"கூட யாரும்மா வர்றா?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

இதைச் சொல்ல அதுவரை எனக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. அன்று கூசவில்லை.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் என் கையைத் தட்டினார். "ஒண்ணும் ஏறல. சாப்பிட்டது ஒத்துக்கல, அவ்வளவுதான். பயத்துல வேகமா மூச்சு வாங்கியிருக்கீங்க. கிழிசல் பாதிக்கு மேல மூடியாச்சு." அந்தப் 'பாதிக்கு மேல' என்பதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அழுதால் வலிக்கும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் எடுத்த படத்தில் கிழிசல் இருந்த இடத்தை டாக்டரே தேட வேண்டியிருந்தது. எப்படி மூடியது என்று கேட்டேன்.

"கல்லீரல் அணைச்சுப் பிடிச்சிருந்துச்சு. ஓரங்கள் ஒட்டி, தழும்பு கட்டிருச்சு. நீங்க மூச்சு விட்டுக்கிட்டே இருந்தீங்க, அது பாட்டுக்கு ஆறிருச்சு. வருஷம் ஒரு தடவை வந்து காட்டுங்க."

பஸ் ஸ்டாண்டில் நின்று தம்பிக்குப் பேசினேன். "ரொம்ப நல்லதுக்கா, மீட்டிங்ல இருக்கேன், பேசுறேன்" என்றான். மறுநாள் காலை அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"ஓட்டை மூடிருச்சாம்."

"தைக்காமலேயா?"

"தைக்காமலேதான்."

நம்பாமல் என் விலாப் பக்கம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அப்போ நாளையிலிருந்து நீங்களே பொங்கிக்கிருவீக" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். அதில் கோபமோ விலகலோ எதுவும் இல்லை. அவளுக்கு ஒரு வேலை குறைந்தது.

குணமானதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எப்படி இருக்கிறது என்று தினமும் ஒருவர் கேட்டது அந்த மூன்று மாதம் மட்டும்தான். அச்சகத்தில் முதல் இரண்டு நாள் எல்லாரும் காயத்தைப் பற்றிக் கேட்டார்கள். தீக்காயங்களைப் பார்த்துப் பழகிய ஊர், காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் காலண்டர் ஆர்டர்கள் குவிந்துவிட்டன. நான் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன், எதிரே இருந்தவர் பேனாவோடு குனிந்துகொண்டார்.